கோழி எப்படித் தண்ணீர் குடிக்கிறது? முன்பள்ளிப் பிள்ளைகளோடு விலங்குகளைப் பார்க்கும் முறை

முன்பள்ளிச் சுவரில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் தொங்குகின்றன. பிள்ளைகள் பெயர்களை ஒப்புவிக்கிறார்கள். வெளியே மாமரத்தடியில் கோழி ஒன்று குப்பையைக் கிளறிக்கொண்டு நிற்கிறது. அதை ஒருவரும் பார்ப்பதில்லை. எனக்கு இது பெரிய மனக்குறை. இலங்கையின் வடக்கே வன்னியில், வீட்டைச் சுற்றிய வளவுகளில் இல்லாத பாடமா? 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளோடு புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

1. இடத்தை முதலில் நீங்கள் தனியே போய்ப் பாருங்கள்

புற்று, விறகுக் குவியல், பற்றை இருக்கும் பக்கம் வேண்டாம். கன்று ஈன்ற பசு, குட்டி போட்ட நாய், அடைகாக்கும் கோழி ஆகியவற்றுக்குக் கிட்டவும் போகக்கூடாது. போர் விட்டுச்சென்ற வெடிபொருட்களையும் நாம் மறக்க முடியாது. ஆட்கள் நடமாடிப் பழகிய வளவுக்குள்ளேயே நில்லுங்கள். "தெரியாத இரும்பைத் தொடாதே, ரீச்சரிடம் வந்து சொல்" என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

2. ஒரு நாளைக்கு ஓர் உயிர்

வெயில் ஏறுமுன், ஐந்தாறு பிள்ளைகளை மட்டும் கூட்டிச் செல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

3. கண்ணால் விடை காணக்கூடிய கேள்வி ஒன்று

தட்டையான சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டு, "கோழி எப்படிக் குடிக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அலகில் நீரை அள்ளித் தலையை நிமிர்த்தி விழுங்குவதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சற்று நேரத்தில் ஒரு பிள்ளை தன் கழுத்தை நிமிர்த்திக் காட்டும்.

மாட்டிடம் போனால், "முன்னால் புல் இல்லையே, எதை மெல்லுகிறது?" என்று கேட்கலாம். பிள்ளைகள் தங்கள் ஊகங்களை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, விழுங்கிய புல் திரும்ப வாய்க்கு வருவதைச் சொல்லி, இரைமீட்டல் என்ற சொல்லைக் கொடுங்கள். பார்த்ததற்குக் கிடைத்த பெயரைப் பிள்ளை மறப்பதில்லை.

4. குழியானை

எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான். மழைச்சாரல் படாத தாழ்வாரத்து மணலில், புனலைப் போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். சுற்றிக் குந்தி இருங்கள். "இதை யார் தோண்டியிருப்பார்கள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். எறும்பு, மழைத்துளி, அப்பா என்று விடைகள் வரும். எதையும் பிழை என்று சொல்ல வேண்டாம். பிறகு ஈர்க்கு நுனியால் குழியின் ஓரத்தை மெல்லத் தட்டுங்கள். சரியும் மணலை எறும்பு என்று எண்ணி, அடியில் ஒளிந்திருக்கும் குழியானை என்ற பூச்சி மணலை வீசியெறியும். அப்போது பிள்ளைகளின் முகங்களைப் பார்க்க வேண்டும்!

பூச்சியை மணலோடு அள்ளித் தட்டில் விட்டால் பின்னோக்கி நகரும். இது வளர்ந்து, தும்பியைப் போல இறக்கையுள்ள பூச்சியாகும் என்பதை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

5. வரையவிடுங்கள்

எறும்புக்குப் பத்துக் கால் வரைந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள். "வா, போய் எண்ணிப் பார்ப்போம்" என்று எறும்பிடமே கூட்டிச் செல்லுங்கள். ஆறு கால்களைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். சிலந்தியின் எட்டுக் கால்களுக்கு அடுத்த வாரம் போகலாம்.

முடிந்ததும் குழியானையை எடுத்த மணலிலேயே விட்டுவிடுங்கள். எல்லோரும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க வேண்டும்.