உங்கள் ஓடையில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது? அளந்து பார்க்கும் வழி

"பக்கத்தில் ஓடை ஓடுது, என்ன டர்பைன் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டு எண்களைத்தான். தண்ணீர் எத்தனை மீட்டர் இறங்குகிறது? நொடிக்கு எத்தனை லிட்டர் வருகிறது? இந்த இரண்டும் தெரியாமல் டர்பைன் (தண்ணீரின் விசையில் சுழன்று ஜெனரேட்டரை ஓட்டும் சக்கரம்) விளம்பரம் பார்ப்பது வீண் வேலை. தெரிந்துவிட்டால் ஓடைக்கரையில் நின்றபடியே போன் கால்குலேட்டரில் விடை வந்துவிடும். உலகின் பெரிய அணைகளுக்கும் இதே கணக்குதான், சைபர்கள்தான் அதிகம்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. நொடிக்கு ஒரு லிட்டர் வீதம் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்துகொண்டே இருந்தால் அதில் 9.8 வாட் இருக்கிறது. உயரத்தையும் ஓட்டத்தையும் 9.8-ஆல் பெருக்கினால் மொத்த சக்தி. அது முழுசாகக் கைக்கு வராது. குழாய் உராய்வில் கொஞ்சம், டர்பைனில் கொஞ்சம், ஜெனரேட்டரில் கொஞ்சம் என்று போய்விடும். பெரிய நிலையங்களில் டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்து 90 சதவீதம் வரை மின்சாரமாக மாற்றிவிடுகின்றன. சின்ன அமைப்பில் பாதி வந்தால் திருப்தி அடையலாம், அதனால் 9.8-க்குப் பதில் 5-ஆல் பெருக்குங்கள். 20 மீட்டர் உயரம், நொடிக்கு 5 லிட்டர் என்றால் 20 × 5 × 5 = 500 வாட்.

இவ்வளவுதானா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஓடை ராத்திரி தூங்குவதில்லை. 500 வாட் 24 மணி நேரமும் வந்தால் ஒரு நாளைக்கு 12 யூனிட். அதே 500 வாட் சோலார் பேனல் நல்ல வெயில் உள்ள இடத்தில்கூட 2, 2.5 யூனிட் கொடுத்தால் பெரிய விஷயம். நீர்மின்சாரத்தின் முதல் லாபம் இந்தத் தொடர்ச்சிதான், பேட்டரிச் செலவும் இதனால் நன்றாகக் குறையும்.

சரி, உயரத்தை அளப்போம். போனில் இருக்கும் ஜிபிஎஸ் உயரத்தை நம்பாதீர்கள், அது பல மீட்டர் தவறும். ஒரு நீளமான ஹோஸை மேலே தண்ணீர் எடுக்கப்போகும் இடத்திலிருந்து கீழே டர்பைன் வைக்கப்போகும் இடம் வரை இழுத்து, உள்ளே காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, கீழ் முனையில் அழுத்தம் காட்டும் ஒரு பிரஷர் கேஜ் மாட்டி அடைத்துவிடுங்கள். ஒரு பார் அழுத்தத்துக்கு 10.2 மீட்டர் உயரம். ஹோஸ் வளைந்து நெளிந்து போனாலும் கவலையில்லை, செங்குத்து உயரம் மட்டும்தான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. ஹோஸ் அவ்வளவு நீளம் இல்லையென்றால் துண்டு துண்டாக அளந்து கூட்டிக்கொள்ளலாம்.

ஓட்டத்தை அளப்பதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். சின்ன ஓடை என்றால் தண்ணீரை ஒரு குழாய் வழியாகத் திருப்பி வாளியில் பிடியுங்கள். 20 லிட்டர் வாளி 4 நொடியில் நிறைந்தால் நொடிக்கு 5 லிட்டர். வாளிக்கு அடங்காத ஓடை என்றால், ஒரே சீராக ஓடும் நேரான 10 மீட்டர் தூரத்தைக் குறித்து, பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலை நடு ஓட்டத்தில் மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். அகலத்தை அளந்து, குறுக்கே நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுங்கள். ஒரு மீட்டர் அகலம், 20 செ.மீ. சராசரி ஆழம், 10 மீட்டரை 20 நொடியில் கடக்கிறது என்றால் கணக்குப்படி நொடிக்கு 100 லிட்டர். ஆனால் மேல்மட்டத்துத் தண்ணீர்தான் வேகமாக ஓடும், அடியிலும் கரையோரத்திலும் இழுபடும். அதனால் 0.8-ஆல் பெருக்குங்கள், கல்லும் பாறையுமாக ஆழமில்லாத ஓடை என்றால் 0.6. இப்போது 60 முதல் 80 லிட்டர்.

இதை எப்போது அளப்பது என்பதுதான் முக்கியம். மழை முடிந்த வாரத்தில் எந்த ஓடையும் வள்ளல்தான். வருடத்திலேயே வறண்ட மாதத்தில் போய் அளங்கள், அந்த எண்ணை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். அதிலும் முழுத் தண்ணீரையும் உறிஞ்சிவிடக் கூடாது. நீங்கள் எடுக்கும் இடத்துக்கும் திருப்பி விடும் இடத்துக்கும் நடுவில் ஓடை உயிரோடு இருக்க வேண்டும், மீன்களும் தவளைகளும் இருக்கின்றன, சில இடங்களில் மனிதர்களும் அதை நம்பி இருப்பார்கள். தண்ணீரைத் திருப்ப அனுமதி வேண்டிய இடங்கள் நிறைய, அதைக் குழாய் வாங்குவதற்கு முன்னால் விசாரியுங்கள்.

அடுத்து குழாய். பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மெல்லிய குழாய் போட்டுவிட்டு, டர்பைன் சரியில்லை என்று திட்டுபவர்கள் ஏராளம். நம்முடைய 20 மீட்டர் உயரம், 5 லிட்டர் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் நீள வழவழப்பான பிளாஸ்டிக் குழாய், உள்விட்டம் 50 மி.மீ. என்றால் உராய்வில் மட்டும் சுமார் 12 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் காலி. 75 மி.மீ. போட்டால் இழப்பு 2 மீட்டருக்குள் அடங்கும். 100 மி.மீ. என்றால் அரை மீட்டர்கூட இல்லை. விட்டம் இரண்டு மடங்கானால் உராய்வு இழப்பு கிட்டத்தட்ட 30-இல் ஒரு பங்காகச் சுருங்குகிறது, அதுதான் காரணம். மொத்த உயரத்தில் 10, 15 சதவீதத்துக்கு மேல் இழக்காத அளவைத் தேர்ந்தெடுங்கள்.

குழாயின் வாயில் சல்லடையும், அதற்கு முன்னால் மணல் படிய ஒரு சின்னத் தொட்டியும் கட்டாயம். இலை அடைத்தால் மின்சாரம் நிற்கும். மணல் உள்ளே போனால் டர்பைனையே அரைத்துவிடும். அப்புறம், கீழே இருக்கும் வால்வை ஒருபோதும் படாரென்று மூடாதீர்கள். ஓடிவந்த தண்ணீர் திடீரென்று நின்றால் அழுத்தம் எகிறி குழாய் வெடிக்கலாம். மெதுவாக, நிதானமாக மூடுங்கள்.

டர்பைனைத் தேர்ந்தெடுப்பது உயரத்தைப் பொறுத்தது. உயரம் அதிகம், தண்ணீர் கொஞ்சம் என்றால் பெல்டன்: நாசில் வழியாகப் பீச்சும் தண்ணீர் சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் கிண்ணங்களில் மோதும். சுவிட்சர்லாந்தின் பியூட்ரோன் நிலையத்தில் 1,800 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து வரும் தண்ணீரை வாங்கிக்கொள்வது பெல்டன்தான். பீச்சும் வேகத்தில் ஏறக்குறையப் பாதி வேகத்தில் கிண்ணம் ஓடும்போதுதான் தண்ணீர் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுத்துவிட்டுச் சோர்ந்து கீழே விழும். வெளியே வரும் தண்ணீர் இன்னும் பலமாகத் தெறித்தால் சக்தி வீணாகிறது, சக்கரத்தின் வேகத்தைச் சரிபாருங்கள். நடுத்தர உயரத்துக்குப் பிரான்சிஸ். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையிலும், பிரேசிலும் பராகுவேயும் பகிர்ந்துகொள்ளும் இதாய்ப்பு அணையிலும் இதுதான். தாழ்ந்த உயரம், நிறையத் தண்ணீர் என்றால் கப்பல் விசிறி மாதிரி இருக்கும் கப்லான்.

டர்பைன் தண்டோடு சுழலும் காந்தங்கள் செப்புக் கம்பிச் சுருள்களைக் கடக்கும்போது மின்சாரம் பிறக்கிறது. 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அலை) வேண்டுமென்றால் நாலு துருவ, அதாவது நாலு காந்தமுனை உள்ள, ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்ற வேண்டும். மூன்று பள்ளத்தாக்கின் ராட்சச இயந்திரங்கள் பலவற்றில் 80 துருவம், அதனால் 75 சுற்று போதும். வீட்டில் விளக்குகளை அணைத்ததும் சுமை குறைந்து டர்பைன் வேகமெடுக்கும், வோல்டேஜும் எகிறும். இதற்கு ஒரு எலக்ட்ரானிக் லோட் கன்ட்ரோலர் வேண்டும். மிஞ்சும் மின்சாரத்தை அது ஒரு ஹீட்டருக்குத் திருப்பிவிடும், சுடுதண்ணீர் இலவசம்.

பெரிய அளவில் பார்த்தால் இன்னொரு பலன் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நீர்மின் நிலையத்தைச் சில நிமிடங்களில் ஓடவிடலாம், நிறுத்தலாம். பிரிட்டனின் வேல்ஸில் இருக்கும் டினோர்விக் நீர்மின் நிலையத்தில் மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேல் ஏரிக்கு ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். தயார் நிலையிலிருந்து இருபது நொடிக்குள் ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிடும். காற்றாலையும் சோலாரும் பெருகப் பெருக இந்த வேகத்துக்குத்தான் மதிப்பு. எரிபொருள் செலவும் கிடையாது.

அதற்காகப் பெரிய அணை எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். மூன்று பள்ளத்தாக்குக்காக 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இடம் பெயர்ந்தார்கள். வெப்பமண்டல நீர்த்தேக்கங்களில் மூழ்கிய செடிகொடிகள் அழுகி மீத்தேனும் வரும். மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்க்கும். 2024 வறட்சியில், ஜாம்பியாவுக்கு நீர்மின்சாரம் தரும் கரிபா அணையின் ஏரி வற்றியபோது அந்த நாட்டின் பல பகுதிகள் தினமும் பல மணி நேரம் இருட்டில் தவித்தன. ஓடையிலிருந்து எடுத்து ஓடைக்கே விடும் சின்ன அமைப்பில் இந்தச் சேதங்களில் பெரும்பாலானவை இல்லை, வறட்சி மட்டும் அங்கேயும் உண்டு.

ஆக, டர்பைன் செய்பவரிடம் போகும்போது நாலு விவரம் கொண்டுபோங்கள்: செங்குத்து உயரம், வறண்ட மாத ஓட்டம், குழாயின் நீளம், டர்பைனிலிருந்து வீடு வரை கேபிள் போகும் தூரம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 12 அல்லது 24 வோல்ட்டில் நூறு மீட்டருக்கு மேல் கொண்டுபோக நினைத்தால் கம்பியின் விலையே டர்பைனைத் தாண்டிவிடும், அதற்கு 230 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரம்தான் சரி.