பாத்ரூம் தரைக்கு டைல்ஸ்: நிறத்துக்கு முன் வாட்டம்

பாத்ரூம் தரைக்கு டைல்ஸ் மாற்றப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது நிறத்தைத்தான். நான் முதலில் பார்ப்பது வாட்டத்தை, அதாவது தரையின் சரிவை. ஊற்றிய தண்ணீர் தானாக ஜாலிக்கு (தண்ணீர் வெளியேறும் துளைக்கு) போய்ச் சேரவேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

மீட்டருக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் சரிவு போதும். ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தில், ஜாலிப் பக்கம் வரும் முனைக்கு அடியில் 15 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டையை ஒட்டிக்கொள்ளுங்கள். தரையில் வைத்ததும் குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி. இதைச் சிமெண்ட் கலவை போடும்போதே முடித்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டும் பசையைத் தடிமனாக அப்பிச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பசை ஒட்டுவதற்கு, பள்ளம் நிரப்ப அல்ல.

கலவை நன்றாகக் காய்ந்ததும் நீர்க்காப்புப் பூச்சு, இரண்டு கோட். முதல் கோட் நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்கே. சுவரில் குறைந்தது 15 சென்டிமீட்டர் ஏறட்டும். மூலைகளையும் குழாய் நுழையும் இடங்களையும் வலைத்துணி வைத்துப் பூசுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். பூச்சு காய்ந்தபின் ஜாலியை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கி, கீழ்த்தளக் கூரையைப் பாருங்கள். அவசரத்தில் பலரும் விட்டுவிடுகிற வேலை இது.

டைல்ஸ் சொரசொரப்பாக, 30 சென்டிமீட்டர் சதுரத்தில் இருந்தால் நல்லது. சின்ன டைல்ஸ் வாட்டத்தோடு இணங்கிப் படியும். பெரியதென்றால் ஜாலியை நோக்கிக் குறுக்காக வெட்டவேண்டி வரும். பளபளப்பானதை நான் ஒட்டித் தரமாட்டேன், விழுந்தால் இடுப்பு போய்விடும்.

பசையில்லாமல் ஒருமுறை பரப்பிப் பாருங்கள். வெட்டுத் துண்டுகள் கதவுக்குப் பின்னாலோ ஓரத்திலோ மறையட்டும், வாசலில் முழு டைல்ஸ் வரட்டும்.

பசை கலக்கும்போது தண்ணீரில் தூளைப் போடுங்கள், தூளில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கலந்து, பையில் சொன்ன நேரம் ஊறவிட்டு, மறுபடி கலக்குங்கள். கால் மணி நேரத்தில் ஒட்டி முடிக்கிற அளவுக்கு மட்டும் தரையில் பரப்பி, பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுங்கள். விரலால் தொட்டால் ஒட்டவில்லையா? ஏடு பிடித்துவிட்டது, சுரண்டி எறியுங்கள். டைல்ஸை வைத்து, கோடுகளுக்குக் குறுக்கே லேசாக அசைத்து அழுத்துங்கள். முதல் ஒன்றிரண்டை உடனே பெயர்த்துப் பின்பக்கம் பாருங்கள், பசை முழுக்கப் படிந்திருக்க வேண்டும். நாலு மூலையில் நாலு உருண்டை, நடுவில் ஒன்று என்று வைப்பது பழைய வழக்கம். அடியில் பொந்து விழும், தண்ணீர் தேங்கும், பிறகு நாறும். விட்ரிஃபைட் டைல்ஸ் (கண்ணாடி போல இறுகச் சுட்டது) நீரை அநேகமாக உறிஞ்சாது. வெறும் சிமெண்ட் பாலை நம்பினால் பிடிப்பு இருக்காது.

டைல்ஸுக்கு இடையில் 2, 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் (இடைவெளி காக்கும் சின்னத் துண்டு) வையுங்கள். மறுநாள் ஸ்பேசரை எடுத்து, தட்டிப் பார்த்து, டொக்கென்று ஒலிப்பவற்றைப் பெயர்த்து மறுபடி ஒட்டுங்கள். பிறகு இடுக்குகளில் கிரௌட், அதாவது இடுக்கை நிரப்பும் கலவை. எபாக்ஸி (பிசின் வகை) கிரௌட் விலை கூடினாலும் எளிதில் கறை ஏறாது. ஆனால் இறுகுமுன் துடைத்துவிட வேண்டும், இறுகினால் வராது. தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் கிரௌட் வேண்டாம். இரண்டும் தனித்தனியாக அசையும், கிரௌட்டில் விரிசல் விழுந்துவிடும். அங்கே ரப்பர் போல நெகிழும் சிலிக்கான் பசை போட்டு, அது இறுகியபின் தண்ணீர் விடுங்கள்.