கலண்டர் தாளில் மூன்று அரசர்கள்

ஹட்டனில் எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய அரச வம்சங்களை நான் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய கலண்டர் தாளைத் திருப்பி, நடுவே இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணி என்று எழுதுங்கள். பிள்ளைகள் ஒன்பது பேர். எல்லாரையும் வரையாதீர்கள், தாள் கொள்ளாது. மூத்த மகள் விக்டோரியா, மகன் எட்வர்ட், இன்னொரு மகள் அலிஸ் போதும். ஓரத்தில் டென்மார்க் அரசர் ஒன்பதாம் கிறிஸ்தியானின் மகள்மார் அலெக்சாண்ட்ரா, டாக்மர்.

இவர்களின் வழிவந்த மூன்று அரசர்களையும் 'கசின்' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தச் சொல் எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டிவிடும். நம் முறையில் சொல்லிப் பாருங்கள். ஜெர்மனியின் இரண்டாம் வில்லியம் மூத்த மகளின் மகன். எட்வர்டின் மகன், இங்கிலாந்தின் ஐந்தாம் ஜோர்ஜுக்கு அவர் அத்தை மகன், மச்சான். ஜோர்ஜின் தாய் அலெக்சாண்ட்ரா, ரஷ்யாவின் இரண்டாம் நிக்கலஸின் தாய் டாக்மர். அக்காள் தங்கை பிள்ளைகள், ஆகவே அண்ணன் தம்பி. 1894 இல் நிக்கலஸ் மணந்தது அலிஸின் மகளை. அவள் ஜோர்ஜுக்கு முறைப்பெண்! "முறை மாப்பிள்ளை இருக்கும்போது தம்பிக்கா கொடுத்தார்கள்?" என்று என் பாட்டி வெற்றிலையை மெல்லாமல் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கடைசியில் சிவப்புப் பேனாவை எடுங்கள். 1914, முதலாம் உலகப் போர்: வில்லியத்துக்கும் மற்ற இருவருக்கும் இடையே ஒரு கோடு.