பிக்கப்பில் எலக்ட்ரிக் ஃபேன்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப்புகளில் பெல்ட்டில் ஓடும் ரேடியேட்டர் ஃபேனைக் கழற்றிவிட்டு எலக்ட்ரிக் ஃபேன் போடுகிறார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் போட்ட பிறகு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை ஃபேனால் வருவதில்லை, அதற்குப் போகும் வயரால் வருகின்றன. 16 இன்ச் ஃபேன் ஒன்று ஓடும்போது 20 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். சுற்றத் தொடங்கும் நொடியில் அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்தே சுமார் 10 ஆம்பியர்தான். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் லோடோடு முதல் கியரில் ஏறும்போது எதிர்க்காற்றே இருக்காது. அந்த ஃபேன் ஒன்றுதான் இன்ஜினைக் காப்பாற்ற வேண்டும். சூட்டில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் சீல்) போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால், நல்ல வயருக்கும் ரிலேவுக்கும் ஆகும் காசு ஒன்றுமே இல்லை.

அதிகம் நடக்கும் தவறு, டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவோ இக்னிஷன் லைனிலிருந்தோ ஃபேனுக்கு நேரடியாகக் கரண்ட் கொடுப்பது. அந்த ஸ்விட்சும் சாவி காண்டாக்ட்டும் இவ்வளவு ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை அல்ல, கருகிவிடும். போதாக்குறைக்கு, சாவியை அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேன் மோட்டார் கொஞ்ச நேரம் டைனமோ மாதிரி வேலை செய்து அதே லைனுக்குக் கரண்டைத் திருப்பி அனுப்பும். சில வண்டிகளில் இன்ஜின் உடனே நிற்காமல் அடம்பிடிப்பது இதனால்தான்.

ஆகவே ரிலே, அதாவது சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச், கட்டாயம். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக வரும் தடித்த வயர் ரிலேவில் 30 என்று எழுதியிருக்கும் பின்னுக்கு, ஃபேனுக்குப் போவது 87-லிருந்து. 86-க்கு இக்னிஷன், 85-லிருந்து டெம்பரேச்சர் ஸ்விட்ச் வழியாக எர்த். 85, 86 இருக்கும் இந்தக் காயில் பக்கத்தில் கால் ஆம்பியர்கூட ஓடாது, மெல்லிய வயரே போதும். நடுவில் 87ஏ என்று ஐந்தாவது பின் இருந்தால் அதில் எதையும் மாட்டாதீர்கள். ரிலே ஆஃபில் இருக்கும்போது கரண்ட் இருப்பது அந்தப் பின்னில்தான். அவசரத்தில் ஃபேனை அதில் செருகிவிட்டால், இரவெல்லாம் ஃபேன் ஓடி, காலையில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். ரிலேவின் பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் தேங்காது.

அடுத்தது வயரின் தடிமன். கைக்குக் கிடைத்த 1.5 ஸ்கொயர் எம்எம் வயரைப் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்று வையுங்கள். 25 ஆம்பியர் ஓடும்போது வயரிலேயே சுமார் 1.8 வோல்ட் போய்விடும். அதாவது 45 வாட் வெறும் சூடாக வீணாகிறது, ஃபேனும் வேகம் குறைந்து ஓடுகிறது. அதே நீளத்துக்கு 4 ஸ்கொயர் போட்டால் இழப்பு 0.7 வோல்ட், 6 ஸ்கொயரில் இன்னும் குறைவு. 25 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் ஃபேன் என்றால் 6 ஸ்கொயருக்குக் கீழே போக வேண்டாம் என்பேன். வீட்டு வயரும் வேண்டாம். சாதாரண வீட்டு வயரின் பிவிசி உறை 70 டிகிரி வரைதான் தாங்கும். இன்ஜின் பக்கத்தில் அது போதாது. 105 டிகிரி தாங்கும் ஆட்டோ கேபிள் கேட்டு வாங்குங்கள்.

ஃப்யூஸ் போட்டாச்சு, இனி பயமில்லை என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. ஃப்யூஸ் இருப்பது, வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அதைத் துண்டிப்பதற்கு. லூசான கனெக்‌ஷன் சூடாவது அதற்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே ஓடும் ஆம்பியர் கூடுவதில்லை. ஃபேன் ஓடி நின்றதும் ஃப்யூஸ் ஹோல்டரைத் திறந்து பாருங்கள். பிடிப்பு லூசாக இருந்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஃப்யூஸின் ஒரு கால் மட்டும் நீலமாகக் கருத்திருக்கும். உள்ளே கம்பி அப்படியே முழுசாக இருக்கும். நெருப்பு இந்த மாதிரி இடத்தில்தான் தொடங்குகிறது. வயரை முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு, வயர் முனையில் மாட்டும் சரியான அளவு லக்கை கிரிம்ப் டூலால் அழுத்தி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். மெல்லிய வாலோடு வரும் மலிவு ஹோல்டர் வேண்டாம், பெரிய மேக்ஸி ஃப்யூஸுக்கான ஹோல்டர் வாங்குங்கள். 4 ஸ்கொயர் வயருக்கு 30 ஆம்பியர் ஃப்யூஸ், 6 ஸ்கொயருக்கு 40. ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும். அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது.

எர்த் விஷயத்தில் பிக்கப்புக்கு ஒரு தனிச் சிக்கல். கேபின் சேசிஸ் மேல் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஏதோ ஒரு போல்ட்டில், பெயின்ட்டின் மேலேயே எர்த்தை முடுக்கினால், கரண்ட் திரும்ப நல்ல வழி இருக்காது. ஃபேனின் நெகட்டிவை அதே தடிமன் வயரில் நேராக பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோங்கள்.

டெம்பரேச்சர் ஸ்விட்ச்சை ரேடியேட்டர் ஃபின்னுக்குள் குத்துவது நல்லதல்ல, டியூப் ஓட்டையாகலாம். வண்டியின் தெர்மோஸ்டாட் (கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82 டிகிரியில் திறந்தால், ஃபேன் 92 முதல் 95-க்குள் ஆன் ஆகி 87 வாக்கில் நிற்கட்டும். 80-ல் ஆன் ஆகும்படி வைத்தால் அது நிற்கவே நிற்காது.

பிளஸ், மைனஸ் மாறினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, உள்ளே வரும் காற்றோடு மோதும். ஃபேன் இன்ஜின் பக்கம் இருந்தால், ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளைக் காட்டுங்கள், அது உள்ளே இழுபட்டு ஒட்ட வேண்டும். ஆல்டர்னேட்டரையும் மறக்காதீர்கள். ஐடிலிங்கில் அது தரக்கூடியது, அதன் உடம்பில் எழுதியிருக்கும் ஆம்பியரைவிட வெகு குறைவு. ஃபேன், ஹெட்லைட், ஏசி எல்லாம் ஓடும்போது பேட்டரியில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பெரிய ஆல்டர்னேட்டர் தேவை.

வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். சூடான வண்டியில் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும், விரல் போய்விடும். முடிந்ததும் ஃபேனைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை ஃபேனின் பிளஸ்ஸிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் ஏதோ ஓர் இணைப்பு சரியில்லை. நெகட்டிவ் பக்கமும் அப்படியே பாருங்கள். அப்புறம் ஃபேனை நிறுத்திவிட்டு ஃப்யூஸ் ஹோல்டரையும் ரிலே சாக்கெட்டையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு இருந்தால், அந்த லக்கை வெட்டிவிட்டு மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டும்.