மெக்சிகோவின் வட்டாரச் சமையல்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

யூக்கத்தான் பகுதியின் கொச்சினிட்டா பிபிலையும் (வாழையிலையில் பொதிந்து சமைக்கும் பன்றியிறைச்சி) வஹாக்கா மாநிலத்தின் கறுப்பு மோலேயையும் (மிளகாயை அரைத்துச் செய்யும் கெட்டிக் குழம்பு) 'மெக்சிகன் மசாலா' என்ற ஒரே பொட்டலத்தைக் கொண்டு செய்துவிடலாம் என்று நம்புவதுதான் அடிப்படைத் தவறு. ஒவ்வொரு வட்டாரத்தின் சுவையும் அங்கு விளையும் பொருளையும் அதைப் பக்குவப்படுத்தும் முறையையும் சார்ந்தது.

மிகுதியான பிழைகள் நேர்வது மக்காச்சோளத்தில்தான். நம் கடைகளில் கார்ன்ஃப்ளார் என விற்கப்படும் வெண்ணிறப் பொடி வெறும் மாச்சத்து என்பதால் அதில் தோர்த்தியா என்ற மெல்லிய சோள ரொட்டியைத் தட்டவே முடியாது; காய்ந்த சோளத்தை அப்படியே அரைத்த மாவில் தட்டினாலோ ஓரம் வெடித்து, மடிக்கும்போது உடைந்துவிடும். மெக்சிகோவில் 1 கிலோ காய்ந்த மணிக்கு ஏறத்தாழ 10 கிராம் நீற்றுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அதில் சோளத்தை வேகவைத்து, அந்த நீரிலேயே இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் நன்கு அலசி அரைக்கிறார்கள். நிஸ்தமாலாக்கம் எனப்படும் இந்தப் பக்குவத்தில் தோல் கழன்று மாவுக்குப் பிடிப்பு வருகிறது. சோளத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் (வைட்டமின் B3) சத்தும் உடலுக்குக் கிடைக்கிறது. இம்முறையைக் கைக்கொள்ளாமல் சோளத்தையே முதன்மை உணவாக்கிக்கொண்ட வட இத்தாலியிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் பரவியது. மணியை இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், நடுவே சற்றுக் கடினம் மிஞ்சியிருக்க வேண்டும். குழைய வெந்தால் மாவு பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். உணவுத்தரச் சுண்ணாம்பையே பயன்படுத்த வேண்டும். மணமும் நிறமும் சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது.

மோலேயில் ஆன்ச்சோ மிளகாய்க்குப் பதிலாக அதே எடைக்கு நம் குண்டு மிளகாயைப் போடுவது அடுத்த தவறு. போப்லானோ மிளகாய் பழுத்துக் காய்ந்ததே ஆன்ச்சோ. காரம் குறைந்த அதில் உலர்திராட்சையின் இனிப்பு உண்டு, குழம்புக்குத் திடம் தருவதும் அதன் சதைதான். காம்பும் விதையும் நீக்கிச் சூடான கல்லில் சில நொடிகள் மட்டுமே வாட்ட வேண்டும். பியூப்லா மாநிலத்தின் மோலேயில் மிளகாய் கருகினால் கசப்பை எதனாலும் மறைக்க முடியாது. வஹாக்காவின் கறுப்பு மோலேக்கோ மிளகாயை வேண்டுமென்றே கறுக்க வறுப்பார்கள். ஒன்றின் செய்முறையை மற்றொன்றுக்குப் பொருத்துவோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சாக்லேட்டும் சிறிதளவே சேர வேண்டும், அது கசப்பையும் காரத்தையும் தணிப்பதற்கு மட்டுமே.

கொச்சினிட்டா பிபிலில் சிவப்பு நிறம் தரும் அச்சியோட்டே விதைகள் மிகக் கடினமானவை என்பதால், ஊறவைக்காமல் அரைத்தால் நறநறவென்று பல்லில் கடிபடும். புளிப்பு ஆரஞ்சு கிடைக்காவிட்டால் சாதாரண ஆரஞ்சுச் சாற்றுடன் எலுமிச்சைச் சாறு கலக்கலாம். வினிகரை மட்டும் ஊற்றுவது சரியான மாற்றல்ல. வாழையிலையைத் தணலில் வாட்டாமல் மடித்தால் கிழிந்து சாறு ஒழுகிவிடும். அபனேரோ என்ற மிகக் காரமான மிளகாயை இறைச்சியோடு அரைத்துச் சேர்ப்பதும் வேண்டாம். யூக்கத்தானில் அதை புளிப்புச் சாற்றில் ஊறிய வெங்காயத்துடன் தனியே வைத்து, வேண்டுவோர் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ள விடுகிறார்கள்.