நொறுங்கும் நூலுக்கு நகல் எடுக்கும்போது
பழுப்பேறி, மூலையை மடித்தாலே ஒடிந்துவிடும் நூலுக்குப் பாதுகாப்பு நகல் எடுக்கும் நூலகத்தார், நெடுநாள் நீடிக்கும் தாளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 9706-க்கு ஏற்ற அமிலமற்ற தாளையே வாங்குவது நல்லது. அதில் கலந்துள்ள கால்சியம் கார்பனேட், பின்னாளில் சேரும் அமிலத்தை முறிக்கும். நகல் இயந்திரத்தின் மைத்தூளான டோனரில், வண்ணத்தைவிடக் கறுப்பே நீடித்து நிற்கும். நகலின் மீது ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டி உரித்துப் பாருங்கள். எழுத்தும் பெயர்ந்து வந்தால், இயந்திரத்தின் சூட்டு உருளை டோனரைத் தாளில் சரியாகப் பதிக்கவில்லை என்று பொருள். நூலைக் கண்ணாடியில் கவிழ்த்து முதுகை அழுத்துவது கூடவே கூடாது. கட்டு விட்டுப்போயிருந்தால், தாள்களைத் தனித்தனியே வைத்து எடுக்கலாம். முதல் நகலைப் பத்திரப்படுத்தி, அதன் மறுநகலையே வாசகருக்குக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுக்க, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இடமளிக்கிறது.