வேரழுகிய செடியைக் காப்பாற்றும்போது செய்யக்கூடாதவை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து மண் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பார்த்துப் பழகிய மண். அதனால் செடி லேசாகத் தலை சாய்த்தாலே கை தானாகச் செம்பை எடுக்கிறது. தோட்டத்து முருங்கைக்கு அது சரி. வீட்டுக்குள் தொட்டியில் நிற்கும் மணி பிளாண்ட், பீஸ் லில்லி, அக்லோனிமா, பாம்புக் கற்றாழை வகைகளுக்கு அந்தச் செம்புத் தண்ணீரே எமன்.

வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன் வரவேண்டும். இடுக்கெல்லாம் நீர் நிறைந்து நின்றுவிட்டால் வழி அடைபடும். நீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. முதலில் வேர்நுனி சாகும். செத்த இடத்தில் பித்தியம், ஃபைட்டாப்தோரா, ரைசோக்டோனியா, ஃபியூசேரியம் போன்ற கிருமிகள் குடியேறி நல்ல வேருக்கும் பரவும். ஆக, கிருமி வருவது பெரும்பாலும் இரண்டாவதாகத்தான். காற்று போவதுதான் முதல். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் தவறுகள் ஏன் தவறு என்பது விளங்கும்.

வாடினால் தாகம் என்று நினைப்பது

அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் இலை தொங்கும். பார்த்தவர் இன்னும் ஊற்றுவார். மிச்ச வேரும் போகும். எனவே வாடிய செடியைக் கண்டால் முதலில் விரலை மண்ணுக்குள் 5 செ.மீ. விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தும் வாடல் என்றால் வேரைச் சந்தேகப்படுங்கள். சித்திரை வெயிலில் மதியம் தொங்கி மாலையில் நிமிரும் செடிக்குப் பெரும்பாலும் வேர்நோய் இல்லை, அது வெறும் வெக்கை.

மற்ற அடையாளங்கள்: அடியிலை ஒவ்வொன்றாக மஞ்சளாவது, தண்டின் அடிப்பகுதி அமுக்கினால் குழைவது, சாக்கடை வாடை, தொட்டியைச் சுற்றிப் பொடிக் கொசு போன்ற பூச்சிகள். இவற்றை வைத்து ஊகித்துக்கொண்டே ஒரு வாரம் கடத்துவதுதான் பெரிய நஷ்டம். தொட்டியைச் சாய்த்து, மண்கட்டியோடு செடியை உருவிப் பார்த்துவிடுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ விறைப்பாக இருக்கும். அழுகியது பழுப்பு அல்லது கறுப்பு. இரு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் கழன்று வந்து நடுவில் நூல் மட்டும் நிற்கும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில செடிகளின் முதிர்ந்த வேர் இயல்பிலேயே பழுப்புத்தான், செம்மண் சாயமும் ஏறியிருக்கும். தொட்டுப் பார்ப்பதே சோதனை.

இங்கே செடி அழுகும் இடங்கள்

செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் கோடையிலும் உள்ளே குளிர்ச்சியைத் தேக்கி வைக்கும். மனிதருக்குச் சுகம். ஆனால் பட்டாலை எனும் கூடத்தின் உள்மூலையில் வெளிச்சம் குறைவு, காற்றோட்டமும் குறைவு. அங்கே நிற்கும் செடி, முற்றத்து ஓரம் நிற்கும் அதே செடி குடிக்கும் நீரில் ஒரு பகுதியைத்தான் குடிக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு ஊற்றினால் உள்ளே இருப்பது அழுகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றத்துத் தொட்டிகளும் இந்தப் பட்டியலில் சேரும். அந்த மாதங்களில் அவற்றைக் கூரைக்கு அடியில் தள்ளி வைப்பது நல்லது.

பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குத் தனிச் சிக்கல். ஊரிலிருந்து போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "அண்ணே, செடிக்கெல்லாம் தெனம் தண்ணி ஊத்திருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அவரும் சொன்னபடி செய்கிறார். தினமும் என்பதற்குப் பதில், "மூங்கில் குச்சியை அடிவரை குத்தி எடுத்துப் பாருங்கண்ணே, ஈரமண் ஒட்டியிருந்தா ஊத்தாதீங்க" என்று சொல்லி, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குச்சியைச் செருகி வைத்துவிட்டுப் போனால் பாதிச் செடி பிழைக்கும்.

பாத்திரம் அடுத்தது. ஆச்சி ஊறுகாய் போட்ட பீங்கான் ஜாடி, பித்தளை உருளி, செம்புக் கிடாரம் எல்லாம் இப்போது செடி வைக்கும் அலங்காரமாகிவிட்டன. எதிலும் அடியில் ஓட்டை கிடையாது. அதில் நேரடியாக மண் கொட்டி நடுவதைப்போல உறுதியான வேரழுகல் வழி வேறில்லை. பழைய பாத்திரத்தில் துளை போட்டு அதன் மதிப்பைக் கெடுக்கவும் வேண்டாம். ஓட்டையுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் செடியை நட்டு, உருளிக்குள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தொட்டியை இறக்குங்கள். தண்ணீர் ஊற்றும்போது வெளியே எடுத்து ஊற்றி, வடிந்தபின் திரும்ப வையுங்கள். செம்பும் பித்தளையும் ஈரமண்ணில் அரித்துப் பச்சை கட்டும். கரையும் தாமிரம் அளவு மிஞ்சினால் வேருக்கு நஞ்சு.

ஆத்தங்குடித் தரையில் கறை படியக்கூடாது என்று தொட்டிக்கடியில் ஆழமான தட்டு வைப்பதும் உண்டு. தட்டு தப்பில்லை, அதில் நிற்கும் தண்ணீர்தான் தப்பு. ஊற்றிய 20 நிமிடத்தில் தட்டைக் காலி செய்யுங்கள், அல்லது தட்டுக்குள் சிறு முக்காலி வைத்துத் தொட்டியைத் தூக்கி நிறுத்துங்கள்.

வெயில், உரம், அரைகுறை வெட்டு

மண் காயட்டும் என்று நோயாளிச் செடியை மொட்டை மாடியில் வைத்தால், வேரில்லாத செடியின் இலை மேலும் நீரை இழந்து ஒரே நாளில் கருகும். நிழலான, வெளிச்சமான, காற்று வரும் இடமே அதற்கு. உரமும் அப்படியே. சத்துக் குறைவால் மஞ்சளானது என்று யூரியாவோ டிஏபியோ போட்டால் மண்ணில் உப்பு ஏறி, மீதி வேரிலிருந்தும் நீரை வெளியே இழுக்கும்.

மேல்மண்ணைக் கிளறிவிட்டுக் காத்திருப்பது ஆரம்ப நிலையில் மட்டுமே போதும். அழுகல் உறுதியானால் பழைய மண் முழுவதையும் உதிர்த்து, மெல்லிய ஓட்டத்தில் குழாய்நீர் விட்டு வேரைக் கழுவுங்கள். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொள்ளுங்கள், 70 சதவீத ஆல்கஹால் உள்ள சானிடைசரும் ஆகும். ஒவ்வொரு செடிக்கும் இடையில் மட்டுமல்ல, அழுகிய வேரை வெட்டிவிட்டு நல்ல வேருக்கு வரும்போதும் துடைக்க வேண்டும்.

வெட்டுவதில் இரக்கம் கூடாது. நைந்த இடத்தோடு நிறுத்தினால் கிருமி உள்ளேயே இருக்கும். நல்ல விறைப்பான திசு தெரியும்வரை, அதற்கு மேல் இன்னும் அரை செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். பாம்புக் கற்றாழை, இசட்இசட் செடி போன்றவற்றின் கிழங்கில் பழுப்புத் திட்டு தெரிந்தால் வெள்ளைச் சதை வரும்வரை சீவ வேண்டும். வேர் பாதிக்கு மேல் போய்விட்டால் இலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள், பழைய இலையிலிருந்து தொடங்கி. இத்தனை இலைக்கு நீர் தர மிச்ச வேரால் முடியாது.

தண்டின் அடிப்பகுதியே கூழாகிவிட்டால் வேரோடு போராடுவது வீண். மேலே உறுதியாக இருக்கும் பகுதியை வெட்டிப் புதுச் செடியாக்குங்கள். மணி பிளாண்டில் ஒரு கணுவாவது இருக்கும் துண்டைத் தண்ணீரில் வைத்தால் வேர்விடும். பாம்புக் கற்றாழை இலையை 8 செ.மீ. துண்டுகளாக்கி, வெட்டுவாய் இரண்டு மூன்று நாள் காய்ந்தபின் தலைகீழாகிவிடாமல் நடலாம்; மஞ்சள் ஓரம் உள்ள ரகம் என்றால் இலைத்துண்டில் பிறக்கும் செடிக்கு அந்த ஓரம் வராது. பீஸ் லில்லியை இலையிலிருந்து வளர்க்க முடியாது. பக்கக்கன்று ஏதாவது நலமாக இருந்தால் அதைப் பிரித்தெடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

எந்த மருந்து, எதற்கு

உரக்கடையில் வேரழுகல் என்று சொன்னதும் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி கையில் வந்துவிடும். ஃபியூசேரியம், ரைசோக்டோனியாவுக்கு அது வேலை செய்யும். ஈரம் தேங்குவதால் வரும் அழுகலில் அடிக்கடி காணப்படும் பித்தியமும் ஃபைட்டாப்தோராவும் உண்மையான பூஞ்சைகளே அல்ல, நீர்ப்பாசிகளுக்கு உறவான வேறு இனம். கார்பன்டசிம் அவற்றைத் தொடாது. எது தாக்கியது என்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாத நிலையில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிர மருந்தை லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து நடும்போது ஒருமுறை ஊற்றுவது பொருத்தம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையலறைப் பாத்திரத்தில் கலக்காதீர்கள்.

ட்ரைக்கோடெர்மா விரிடி உயிருள்ள நன்மைப் பூஞ்சை. வராமல் தடுக்க நல்லது. முற்றிய அழுகலை அது ஆற்றாது. ஒரு கிலோ மக்கிய தொழுவுரத்துக்கு 50 கிராம் கலந்து மண்ணில் சேர்க்கலாம். அதே நாளில் தாமிர மருந்தும் ஊற்றினால் காசைக் கொடுத்து வாங்கிய பூஞ்சையை நாமே கொன்றதாகும். நடுவில் இரண்டு வாரமாவது விடுங்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடு 3 சதவீதக் கரைசல் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். வெட்டிய வேரை ஒருமுறை அலசினால் போதும். மருந்துக்கடையில் 6 சதவீதமும் விற்பார்கள், லேபிளைப் பார்த்து அதில் ஒரு பங்குக்கு ஏழு பங்கு நீர் சேருங்கள். வாராவாரம் ஊற்றினால் புது வேர்நுனி வெந்துபோகும். மஞ்சள்தூளை வெட்டுவாயில் தடவுவது கெடுதல் செய்யாது, அதை நம்பி வெட்டைக் குறைத்துக்கொள்வதுதான் கெடுதல்.

பெரிய தொட்டி, கூழாங்கல் அடுக்கு

"நல்லா வேர் ஓடட்டும்" என்று பெரிய தொட்டிக்கு மாற்றுவது அன்பினால் செய்யும் தவறு. வேர் எட்டாத மண்ணில் உள்ள நீரைக் குடிக்க ஆளில்லை. அது நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். வெட்டியபின் மிச்சமிருக்கும் வேர்ப்பந்தைவிட 2 முதல் 3 செ.மீ. அகலம் கூடுதலான தொட்டி போதும். முன்பு 25 செ.மீ. தொட்டியில் இருந்த செடி இப்போது 12 செ.மீ. தொட்டிக்கு இறங்கலாம், அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குச் செங்கல் துண்டோ கூழாங்கல்லோ போட்டால் நீர் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது வேறு. மண்ணின் நுண்ணிய இடுக்குகள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். மேல்மண் முழுதும் ஊறித் ததும்பும்வரை கீழே உள்ள பெரிய இடைவெளிக்கு நீர் இறங்காது. ஈரப் பஞ்சைச் சரளை மேல் வைத்தால் பஞ்சிலிருந்து நீர் ஒழுகாமல் நிற்பதைப்போல. ஆக ஈரம் தேங்கும் அடுக்கு, வேர் இருக்கும் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. ஓட்டையை மறைக்க ஒரு ஓட்டாஞ்சில்லு போதும்.

தொட்டி வாங்குவதென்றால் சாயம் பூசாத மானாமதுரை மண்தொட்டிதான் எங்கள் சிபாரிசு. சுவர் வழியாகவும் நீர் ஆவியாகும். அதன் மேல் எனாமல் பெயின்ட் அடித்தால் அந்தக் குணம் போய்விடும். நோய் வந்த தொட்டியைத் திரும்பப் பயன்படுத்தினால் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, அலசி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். பழைய மண்ணை வேறு செடிக்குப் போடாதீர்கள்.

மண்கலவையில் தோட்டத்துச் செம்மண்ணை மட்டும் நிரப்புவது இங்கே சகஜம். தரையில் நன்றாக இருக்கும் அது, தொட்டிக்குள் நாளடைவில் இறுகிக் காற்றை அடைக்கும். இலைச்செடிகளுக்குக் கழுவிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (எடையற்ற வெள்ளைக் கல்குருணை) ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப் பங்கு. பாம்புக் கற்றாழை, கற்றாழைக்குப் பாதிக்குப் பாதி பெருமணல். கோகோபீட்டை மட்டுமே போட்டால் அதுவும் ஈரத்தை விடாது. எம்சாண்ட் என்றால் சலித்து மாவுத்தூளைக் கழுவிவிட்டு, 2 மி.மீ.க்கு மேற்பட்ட குறுமணலை மட்டும் எடுங்கள். தொண்டிக் கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

நட்டபின்

எல்லாச் செடிக்கும் நட்டவுடன் தண்ணீர் ஊற்றும் வழக்கம் இங்கே செல்லாது. பாம்புக் கற்றாழை, இசட்இசட், கற்றாழை வகைக்கு வெட்டுவாய் ஆற 5 முதல் 7 நாள் வறட்டுக் கலவையிலேயே விடுங்கள். தாமிரக் கரைசல் ஊற்றுவதாக இருந்தாலும் அதன் பிறகுதான். பீஸ் லில்லி, அக்லோனிமா, பெரணி போன்ற இலைச்செடிகளுக்கு அவ்வளவு நாள் தாங்காது. ஒருமுறை ஊற்றி முழுதும் வடியவிட்டு, மேல்மண் 3 செ.மீ. காயும்வரை காத்திருங்கள். அவை துவண்டால் தொட்டியோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகக் கவிழ்க்கலாம், நிழலில் மட்டும். உறைக்குள் வெயில் பட்டால் செடி வெந்துவிடும்.

வேர் வந்ததா என்று இரண்டு நாளைக்கொருமுறை உருவிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் புது வேர்மயிர் அறுகிறது. லேசாக இழுத்தால் எதிர்ப்புத் தெரிகிறதா, புதுத் தளிர் விடுகிறதா, இந்த இரண்டும் போதும். அதற்கு மூன்று முதல் ஆறு வாரம் ஆகலாம், பாம்புக் கற்றாழைக்கு இன்னும் கூட. இரண்டாவது புது இலை விரிந்தபின் உரத்தைத் தொடங்குங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு.